அப்பாவும் நானும் சேப்பாக்கமும்



நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். இப்போது அவனுக்கே கல்லூரி போகிற மகள் இருக்கிறாள். பேச்சுவாக்கில், "டீச்சர், அஞ்சாங்கிளாஸ்ல கணக்கு நடத்தும்போது எப்பப் பார்த்தாலும் கிரிக்கெட் ஸ்கோரையே சொல்லுவீங்களே, உங்களுக்கு யார் டீச்சர் கிரிக்கெட் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டான். சந்திரசேகர் டெஸ்டில் எடுத்த விக்கெட் 242, அடித்த ரன் 167, எது அதிகம், எவ்வளவு அதிகம் என்ற கழித்தல் கணக்கை என்னிடம் படித்த யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். விடை 75. அவனுக்குப் போனில், "எங்கப்பா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். அப்பாவுக்கு சென்னையில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. தினமும் காலையில் மின்சார ரயில், இரவில் மின்சார ரயில். சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, சினிமாகூட எப்போதாவதுதான். ஒரே பைத்தியம் கிரிக்கெட். அவர் ஆடியவர் இல்லை. எங்கள் தெருவில் பிள்ளைகள் ஆடும்போதுகூடப் பந்தைப் பொறுக்கிக் கொடுப்பாரே தவிர மட்டையைத் தொட மாட்டார். பார்ப்பது, கேட்பது, எழுதி வைப்பது, இவ்வளவுதான்.

எழுதி வைப்பது என்றால், அலுவலகத்தில் கழித்துப்போட்ட பழைய பேரேடு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். பற்று, வரவு என்று கோடு போட்ட பெரிய நோட்டு. அதில் ரேடியோ வர்ணனையைக் கேட்டு ஓவர் ஓவராக ஸ்கோர் எழுதுவார். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி. ஓவர் முழுவதும் புள்ளி என்றால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு 'எம்'. எனக்கு ஏழு எட்டு வயதிலேயே அந்த வேலையைக் கற்றுக் கொடுத்துவிட்டார். ரேடியோவில் பாலு அழகண்ணனும் ஆனந்தராவும் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியாது. ஆனால் 'நோ ரன்' புரியும், 'ஃபோர்' புரியும். கூட்டலும் கழித்தலும் எனக்குக் கைக்கு வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்தப் பேரேட்டில்தான்.

பேரேடு எழுதும்போது அப்பா சரித்திரமும் சொல்வார். சேப்பாக்கம் மைதானம் இருக்கிற இடம் ஆற்காடு நவாபின் அரண்மனை வட்டாரம். வெள்ளைக்காரர்கள் 1846-ல் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினார்கள். 1865-ல் இந்த இடம் அவர்கள் கைக்கு வந்தது. நம் ஆட்களுக்கு அந்தக் கிளப்பில் உறுப்பினராக இடமில்லை. ஆட வந்தால் ஆடலாம். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் பெவிலியனுக்குள் போவார்கள், நம்மவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதைப் பார்த்து மனம் வெந்துபோன புச்சிபாபு நாயுடு என்பவர், "நமக்கு நாமே ஒரு கிளப்" என்று 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஏற்படுத்தினார். வெள்ளைக்காரர்களோடு சமமாக நின்று ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு ஏற்பாடும் ஆகி, ஆட்டம் நடப்பதற்குச் சற்று முன்பு 1908-ல் காலமாகிவிட்டார். பிறகு அந்த ஆட்டம் பிரசிடென்சி மேட்ச் என்ற பெயரில் பொங்கலை ஒட்டி நடந்து வந்தது. இந்தியர் ஒரு பக்கம், ஐரோப்பியர் ஒரு பக்கம். பின்னாளில் மெட்ராஸில் 'பொங்கல் டெஸ்ட்' என்று சொல்கிறோமே, அந்த வழக்கத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்த மரத்தடிக் கதையை அப்பா குறைந்தது நூறு முறை சொல்லியிருப்பார். சொல்லும்போதெல்லாம் அவர் குரல் கொஞ்சம் மாறும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அவர் சொல்கிற இன்னொரு கதை 1952. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. பிப்ரவரி 6-ம் தேதி சேப்பாக்கத்தில் இங்கிலாந்தோடு டெஸ்ட் ஆரம்பம். அன்றைக்கே இங்கிலாந்தில் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்துபோனார். அதனால் மறுநாளை ஓய்வு நாளாக மாற்றினார்கள். கடைசி நாளான 10-ம் தேதி அப்பா மைதானத்தில் இருந்தார். அதுவரை இந்தியா இருபது வருஷத்தில் 24 டெஸ்ட் ஆடி ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. இது 25-வது. வினு மன்கட் முதல் இன்னிங்ஸில் 8 விக்கெட், இரண்டாவதில் 4. பங்கஜ் ராயும் உம்ரிகரும் நூறு அடித்தார்கள். கடைசி விக்கெட்டுக்கு ஸ்டேதம் அடித்த பந்தை நம்ம மெட்ராஸ் பையன் கோபிநாத் பிடித்தார். இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் வெற்றி. "அன்னைக்குப் பக்கத்துல நின்ன முன்ன பின்ன தெரியாத ஆள் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதான்மா" என்பார் அப்பா.

நான் ஆசிரியை ஆன பிறகு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. யார் எதைச் சொன்னாலும் சரிபார்ப்பது. அப்பா சொன்ன தேதிகளையும் எண்களையும் புத்தகங்களில் தேடிப் பார்த்திருக்கிறேன். 1952 கதை எண்ணுக்கு எண் சரி. 1956 ஜனவரியில் மாநகராட்சி ஸ்டேடியத்தில் மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 அடித்ததைச் சொல்வார், அதுவும் சரி. அந்த 413 உலக சாதனையாக 2008 வரை நின்றது. (சில வருஷங்கள் டெஸ்ட் ஆட்டங்கள் மாநகராட்சி ஸ்டேடியத்தில், அதாவது இப்போதைய நேரு ஸ்டேடியத்தில், நடந்தன. 1967 ஜனவரியில்தான் டெஸ்ட் திரும்ப சேப்பாக்கம் வந்தது.) எண்களில் அப்பா பிசகியதே இல்லை. ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அதற்கும் வருகிறேன்.

எனக்கு அவர் முதன்முதலில் மைதானம் காட்டியது 1973 பொங்கல் டெஸ்டில், இங்கிலாந்துக்கு எதிராக. எனக்குப் பத்து வயது. அதில் நினைவிருப்பது பச்சைப் புல்லும், வெயிலும், அவ்வளவு கூட்டத்தில் பாத்ரூம் போக வழியில்லாமல் நான் அழுததும்தான். இந்தியா 4 விக்கெட்டில் ஜெயித்தது. நான் நிஜமாகப் 'பார்த்த' ஆட்டம் என்றால் 1975 ஜனவரி 11, சனிக்கிழமை.

அந்தக் காலத்தில் டெஸ்ட் டிக்கெட் கிடைப்பது ரேஷன் மண்ணெண்ணெய் மாதிரி. ஐந்து நாளுக்கும் சேர்த்து சீசன் டிக்கெட். அப்பா அலுவலகத்தில் நான்கு பேர் சேர்ந்து இரண்டு டிக்கெட் வாங்கி, யாருக்கு எந்த நாள் என்று பங்கு பிரித்துக்கொள்வார்கள். அப்பா தன் பங்கில் வந்த மற்ற நாளை விட்டுக்கொடுத்து, முதல் நாளுக்கு இரண்டு டிக்கெட்டையும் கேட்டு வாங்கினார். ஒன்று எனக்கு. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சார் டிக்கெட்?" என்று ஒருவர் கேட்டாராம். "அவதான் சார் ஸ்கோர் எழுதணும்" என்றாராம் அப்பா.

விடியற்காலை ரயில். அம்மா எலுமிச்சம்பழ சாதமும் தயிர் சாதமும் தனித்தனியாக வாழையிலையில் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றி, எவர்சில்வர் கூஜாவில் தண்ணீர் கொடுத்தாள். பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடை. ஜெனரல் ஆஸ்பத்திரி தாண்டி, தீவுத்திடல் ஓரமாக மன்றோ சிலை, அங்கிருந்து மவுண்ட் ரோடு, வாலாஜா ரோடு. என் கையில் பேரேடு. மைதானத்துக்குள் கொண்டுபோவதற்காக ஒரு புது நாற்பது பக்க நோட்டு வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொன்னார். நான்தான் பேரேடே வேண்டும் என்று அடம்பிடித்தேன். அது என் மடியைவிடப் பெரிது.

எதிரணி வெஸ்ட் இண்டீஸ். கேப்டன் கிளைவ் லாயிட். தொடரின் முதல் இரண்டு டெஸ்டையும் அவர்கள் ஜெயித்திருந்தார்கள், மூன்றாவதை கல்கத்தாவில் நாம். நமக்குக் கேப்டன் பட்டோடி. காயம்பட்ட கவாஸ்கர் அணியில் இல்லை. நம்ம ஊர் வெங்கட்ராகவனும் இல்லை. டெல்லி டெஸ்டில் கேப்டனாக இருந்தவரை அடுத்த டெஸ்டிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். கேலரியில் அதைப் பற்றித்தான் பேச்சு. இந்தியா முதலில் ஆடியது.

ஆண்டி ராபர்ட்ஸ் என்பவர் பந்து வீசியதை நான் எப்படி எழுதுவது? எங்கள் இடத்திலிருந்து பந்து கண்ணுக்கே தெரியவில்லை. அவர் ஓடி வருவது தெரியும், அடுத்து விக்கெட் கீப்பர் கையில் சத்தம் கேட்கும். நடுவில் என்ன நடந்தது என்று பக்கத்தில் ஒருவர் வைத்திருந்த டிரான்சிஸ்டர் சொன்னால்தான் எனக்குத் தெரியும். மைதானத்துக்குள் உட்கார்ந்துகொண்டு பாதிப் பேர் ரேடியோவைக் காதில் வைத்திருந்த காலம் அது. நூறு ரன் சேர்வதற்குள் ஆறு விக்கெட் போய்விட்டது. நான் பேரேட்டில் 'டபிள்யூ' போட்டுப் போட்டுப் பென்சில் முனை உடைந்தது. அப்பா பிளேடால் சீவிக் கொடுத்தார்.

ஒரு பக்கம் மட்டும் விஸ்வநாத் நின்றார். குள்ளமான மனிதர். ராபர்ட்ஸுக்கு எதிரே நிற்கும்போது பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தார். ஆனால் மற்றவர்களுக்கு இடி மாதிரி வந்த பந்து அவரிடம் மட்டும் ஏனோ மெதுவாக வந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் வெளியே விழுந்தால் மணிக்கட்டைத் திருப்பி ஒரு ஸ்கொயர் கட். ஓடக்கூட வேண்டியதில்லை, பந்து எல்லைக்கோட்டில் இருக்கும். அப்பா கைதட்டவில்லை. ஒவ்வொரு கட்டுக்கும் என் தொடையில் ஒரு தட்டு தட்டினார். சாயங்காலம் தொடை கன்றிப்போயிருந்தது.

எட்டு விக்கெட் போன பிறகு பிஷன் பேடி வந்து ரொம்ப நேரம் கூட நின்றார். அவரும் போனதும் கடைசி ஆள் சந்திரசேகர். அவருக்கு வலது கை சிறுவயதில் போலியோ தாக்கிய கை. பந்து வீசுவதில் அந்தக் கைதான் அதிசயம், மட்டை பிடிப்பதில் அதுதான் கஷ்டம். விஸ்வநாத் நூறை நெருங்க நெருங்கக் கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. என் முன்னால் முதுகுகள்தான். அப்பா என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தி, விழாமல் பின்னாலிருந்து தாவணி மடிப்பைப் பிடிப்பது மாதிரி பாவாடைக் கச்சையைப் பிடித்துக்கொண்டார். ராபர்ட்ஸ் பந்தில் சந்திரசேகர் கேட்ச். இந்தியா 190. விஸ்வநாத் 97, ஆட்டமிழக்கவில்லை. ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட்.

கூட்டம் ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு கைதட்டல். நான் அழுதேன். "இன்னும் மூணு ரன்தானேப்பா" என்றேன். அப்பா பேரேட்டை வாங்கி, 97-க்குப் பக்கத்தில் அவர் கையாலேயே ஒரு நட்சத்திரக் குறி போட்டார். ஆட்டமிழக்காதவருக்குப் போடுகிற குறி. "எழுதிட்டோம்மா, இனிமே யாராலயும் அழிக்க முடியாது" என்றார்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்கள் 192, நம்மைவிட இரண்டே ரன் அதிகம். பிரசன்னாவுக்கு 5 விக்கெட். நாம் இரண்டாவது இன்னிங்ஸில் 256, அன்ஷுமன் கெய்க்வாட் 80. அவர்கள் 154-க்குச் சுருண்டார்கள். 100 ரன் வித்தியாசத்தில் வெற்றி, தொடர் இரண்டுக்கு இரண்டு. அது 15-ம் தேதி, மாட்டுப் பொங்கல். எதிர் வீட்டில் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்து சத்தமாக வைத்தார். 2001-ல் விஸ்டன் பத்திரிகை டெஸ்டின் தலைசிறந்த நூறு ஆட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. நூறு அடிக்காத அந்த 97 அதில் இருக்கிறது. அப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். "இதை ஏன் இவ்வளவு லேட்டா சொல்றாங்க?" என்றார்.

இன்னொரு வேடிக்கை. 1973 பொங்கல் டெஸ்டிலும் இங்கிலாந்தின் ஃப்ளெட்சர் இதே போல 97-ல் ஆட்டமிழக்காமல் நின்றார். இரண்டு வருஷ இடைவெளியில் அதே மைதானம், அதே 97, அதே நட்சத்திரம். இரண்டும் எங்கள் பேரேட்டில் உண்டு.

சரி, இனி எழுதுவதற்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது. பெரிய மாமாவின் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். கோபத்தில் எழுதவில்லை.

அதே 1975 ஆடி மாதம் நான் பெரிய மனுஷி ஆனேன். மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் வரிசையாக வந்தது. பட்டுப்பாவாடை, வெள்ளித்தட்டு, பழம், பூ என்று தெருவே பார்த்தது. சாப்பாடு முடிந்து பந்தலில் உட்கார்ந்து வெற்றிலை போடும்போது பெரிய மாமா அப்பாவிடம் சொன்னார். "மாப்ளே, இனிமே புள்ளைய அந்த மேட்ச் கீட்ச்னு கூட்டத்துல கூட்டிக்கிட்டு அலையாதீங்க. நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும்." நான் உள் அறையில் இருந்தேன். அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ரயிலில் சீட்டுக்காக யாரோடும் வாதாடுவார், அலுவலகத்தில் மேலதிகாரியோடு சட்டம் பேசுவார் என்று பெயர் வாங்கியவர். "சரிங்க மாமா" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் நவம்பரில் ஒரு நாள் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. வெஸ்ட் இண்டீஸ் பெண்கள் அணி இந்தியாவுக்கு வந்திருக்கிறது. இந்தியப் பெண்கள் ஆடுகிற முதல் டெஸ்ட் தொடர். முதல் டெஸ்ட் பெங்களூரில், இரண்டாவது சேப்பாக்கத்தில். கேப்டன் சாந்தா ரங்கசாமி. மெட்ராஸில் பிறந்த பெண். எனக்கு அப்போது பதினான்கு வயது. பெண்கள் கிரிக்கெட் ஆடுவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பேப்பரை எடுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் நீட்டினேன். ஒன்றும் பேசவில்லை. நீட்டினேன், அவ்வளவுதான். அவர் படித்தார். மடித்தார். "மாமா வருத்தப்படுவாரும்மா" என்றார்.

நான் சொன்ன வார்த்தை இன்றைக்கும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "புச்சிபாபு மரத்தடியில உக்காந்து சாப்பிட்டார்னு அவ்ளோ வருத்தப்படுவீங்களே. என்னை மரத்தடிக்குக்கூடக் கூட்டிட்டுப் போகல."

அப்பா எழுந்து கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். அம்மா என்னை அடித்தாள். அன்றிலிருந்து நான் பேரேட்டைத் தொடவில்லை. 1977 ஜனவரியில் இங்கிலாந்து வந்தபோது அப்பா தம்பியைக் கூட்டிப் போனார். ஜான் லீவர் என்ற பந்துவீச்சாளர் நெற்றியில் வாஸ்லின் தடவிய துணி கட்டியிருந்தார் என்று பெரிய ரகளையானதே, அந்த டெஸ்ட். தம்பி வீட்டுக்கு வந்து சொன்ன ஒரே செய்தி, இரண்டு குச்சி ஐஸ் சாப்பிட்டேன் என்பது. (தம்பி, கோபிக்காதே. நீயே இதைப் பல முறை சொல்லியிருக்கிறாய்.) அப்பா ராத்திரி பேரேட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். காலையில் அதே இடத்தில் மூடியபடியே இருந்தது. எத்தனை நாள் அப்படி வைத்தார் என்று எண்ணவில்லை. ஒரு நாள் அது பரணுக்குப் போய்விட்டது.

மாமாவைப் பற்றி நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளிப்படிப்பு முடிந்து நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது, விடுதிக்குக் கட்டப் பணம் இல்லாமல் அப்பா திண்டாடினார். "புள்ள படிக்கட்டும் மாப்ளே" என்று பணம் கொண்டுவந்து வைத்தவர் அதே மாமா. அவர் இல்லாவிட்டால் நான் உங்களுக்கெல்லாம் டீச்சர் ஆகியிருக்க மாட்டேன். அந்த மனிதருக்குள் இரண்டும் இருந்தது. நான் இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

வேலைக்குப் போன பிறகு கோபம் மெல்லக் கரைந்தது. அப்பாவும் நானும் மறுபடி கிரிக்கெட் பேச ஆரம்பித்தோம். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு 'டை' ஆனதே, கடைசி ஓவரில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ ஆகி, உலகத்தில் இரண்டாவதாக டை ஆன டெஸ்ட். அன்றைக்குப் பள்ளிவிட்டு வந்த என்னை அப்பா வாசலிலேயே நிறுத்தி அரை மணி நேரம் விளக்கினார். ஆனால் 1976 பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை.

அவருடைய கடைசி வருஷங்களில் நேற்று என்ன சாப்பிட்டார் என்பது மறந்துபோகும். பழைய ஸ்கோர் எதுவும் மறக்காது. ஒரு மத்தியானம் அவர் நகத்தை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். டிவியில் ஏதோ பழைய ஆட்டம். திடீரென்று சொன்னார். "அந்த லேடீஸ் மேட்ச் பார்த்தோமே, நீயும் நானும். சேப்பாக்கத்துல. சாந்தா ரங்கசாமி கேப்டன். நீ பேரேட்டை மடியில வச்சுக்கிட்டு எழுதினியே."

என் கையில் நகவெட்டி அப்படியே நின்றது. யார் என்ன சொன்னாலும் சரிபார்க்கிற பழக்கம் எனக்கு என்று மேலே சொன்னேன் அல்லவா. அரை மார்க்கை விட்டுக் கொடுக்காத டீச்சர் என்று நீங்களே என்னைக் கிண்டல் செய்வீர்கள். அவர் மறந்துதான் சொன்னாரா, மனதுக்குள் எத்தனையோ வருஷமாக என்னைக் கூட்டிப் போய்ப் போய் அது நிஜமாகவே ஆகிவிட்டதா, அல்லது என்னிடம் வேறெதையோ சொல்ல வந்தாரா, எனக்குத் தெரியவில்லை. "ஆமாப்பா, நல்ல வெயில் அன்னைக்கு" என்றேன். "எலுமிச்சம்பழ சாதம்" என்றார். "ஆமாப்பா" என்றேன்.

அவர் போன பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது பேரேடு கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. 97-ம் நட்சத்திரமும் தப்பித்திருந்தன. 1976-க்குப் பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

2024 ஜூன் 28, வெள்ளிக்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியப் பெண்கள் அணிக்கும் தென்னாப்பிரிக்கப் பெண்கள் அணிக்கும் டெஸ்ட். அந்த 1976-க்குப் பிறகு, 48 வருஷம் கழித்து, அங்கே பெண்கள் ஆடுகிற டெஸ்ட். தம்பியின் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட நாள்தான். லீவ் லெட்டரை ஆசிரியையான நானேதான் சொல்லி எழுத வைத்தேன். காய்ச்சல், வயிற்றுவலி என்று பொய் எழுத விடவில்லை. 'அத்தைப் பாட்டியுடன் கிரிக்கெட் பார்க்கப் போகிறேன்' என்று உள்ளதையே எழுதினாள். அவள் டீச்சர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாராம்.

பார்க் ஸ்டேஷனில் இறங்கினோம். நடக்க முட்டி ஒத்துழைக்கவில்லை, ஆட்டோ பிடித்தேன். நாங்கள் 1975-ல் உட்கார்ந்த இடம் எது என்று உள்ளே போய்த் தேடினேன். கூரையெல்லாம் மாறி, மைதானமே வேறாக இருந்தது. எந்தத் திசை என்றுகூடப் பிடிபடவில்லை. சாயங்காலம் கடல் காற்று வந்தபோதுதான் இந்தப் பக்கமாக இருக்கும் என்று குத்துமதிப்பாக நினைத்துக்கொண்டேன்.

ஷஃபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தனாவும் முதல் விக்கெட்டுக்கு 292 அடித்தார்கள். பெண்கள் டெஸ்டில் முதல் விக்கெட்டுக்கு அதுதான் அதிகம். ஸ்மிருதி 149. ஷஃபாலி 205, ரன் அவுட். ஒரே நாளில் 525 ரன். மன்கட், ராய் 413 என்று அப்பா சொல்கிற மாதிரி, இதையும் யாராவது ஒரு பாட்டி பின்னால் சொல்லிக்கொண்டிருப்பாள். பேத்திக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருந்தேன். புள்ளி வைக்கவும் 'எம்' போடவும் ரயிலிலேயே கற்றுக்கொண்டாள். இந்த ஆட்டத்தில் 'எம்' போடுவதற்கு அவளுக்கு அதிகம் வேலை வரவில்லை.

தேநீர் இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியபோது கேட்டாள். "அத்தைப் பாட்டி, இதுக்கு முன்னாடி இங்க லேடீஸ் டெஸ்ட் நடந்திருக்கா?"

"ஒண்ணு நடந்துச்சு. 1976-ல."

"நீங்க பார்த்தீங்களா?"

"நாங்க ரெண்டு பேரும் பார்த்தோம்னு எங்கப்பா சொல்லுவார்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டு, "பேசிக்கிட்டே ரெண்டு பால் விட்டுட்டேன், என்ன ஆச்சு?" என்றாள்.

"முதல் பால் புள்ளி. அடுத்தது ஃபோர்" என்றேன். எழுதிக்கொண்டாள்.